பதினோரு பேர்

சங்கர் சார் கொடுத்த பேனா நன்றாகவே எழுதுகிறது. மேசைதான் கொஞ்சம் ஆடியது. ஒரு அட்டையை நாலாக மடித்து அதன் காலுக்கு அடியில் வைத்துவிட்டேன், இப்போது ஆடவில்லை. அதை யாரும் எடுத்துவிட வேண்டாம். அடுத்து வந்து உட்காருகிறவருக்கும் உதவும்.

இன்ஸ்பெக்டர் தேஜஸ்வினி மேடம் என்னிடம் தெலுங்கில்தான் பேசினார். எனக்குத் தெலுங்கு வரும், ஹிந்தியும் வரும். ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்லவேண்டுமென்றால் தமிழில்தான் முடியும் என்றேன். சப்-இன்ஸ்பெக்டர் சங்கர் சார் சித்தூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் படிப்பார் என்பதால் சம்மதித்தார்கள். போலீசிடம் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் செல்லாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நிம்மதியாக எழுத முடிகிறது.

என் பெயர் வித்யாலட்சுமி. வயது நாற்பத்திரண்டு. காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். வீடு போலாரத்தில். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தினமும் கம்பெனி பஸ். எங்கள் கொள்ளுத்தாத்தா பட்டாளத்துக்குக் கணக்கெழுத வேலூரிலிருந்து வந்தவர். வந்தவர் திரும்பிப் போகவில்லை, நாங்களும் போகவில்லை.

ஹம்சா என் தங்கை. என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவள் ஏழாம் வகுப்பு. நான் வளர்த்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். தலை பின்னிவிட்டேன், டிபன் கட்டினேன், ஓவியம் படிக்கிறேன் என்றபோது சரி என்றேன். அவ்வளவுதான்.

அவள் செய்கிற கலை என்ன என்று மேடம் கேட்டார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கொரோனா சமயத்தில் கண்காட்சிக் கூடமெல்லாம் மூடிக் கிடந்தது. ஹம்சா ஃபேன் கொக்கியிலிருந்து செல்போனைக் குப்புறத் தொங்கவிட்டு, தரையில் பெரிய தாளை விரித்து, லைவ் போட்டாள். பார்க்கிறவர்கள் எழுதுகிறபடி வரைவாள். ஒருவர் ஒரு கோடு என்பார். இன்னொருவர் அதை அழி என்பார். மூன்றாமவர் அங்கே ஒரு ஆட்டைப் போடு என்பார். சாயங்காலத்துக்குள் அது ஒரு படமாகவும் இருக்கும், ஒரு சண்டையாகவும் இருக்கும். "இதை நான் வரையலைக்கா, அவங்கதான் வரையறாங்க. நான் வெறும் கை," என்பாள்.

பிறகு பெரிதாக வளர்ந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு, செல்போனை மார்பில் மாட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து போலாரம் பஜார் வரை நடந்தாள். பார்க்கிறவர்கள் இடது, வலது, நில் என்று எழுதுவார்கள். ஒரு ப்ரோகிராம் அதை அவள் காதில் படித்துச் சொல்லும். லைவ் என்று பெயர்தானே தவிர நாலைந்து வினாடி தாமதமாகத்தான் எல்லாம் போய்ச் சேரும், ஆகவே ஒரு அடி வைத்து ஐந்து எண்ணிவிட்டுத்தான் அடுத்த அடி. ஸ்கூட்டர், மிலிட்டரி லாரி, பள்ளிக்கூடம் விடுகிற நேரம். முகம் தெரியாத நாலாயிரம் பேர் அவளை ஒரு கீறல் இல்லாமல் பஜாருக்குக் கூட்டிப் போய், அரைக் கிலோ கொய்யாப்பழம் வாங்க வைத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். கண்கட்டை அவிழ்த்ததும் அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

நான் பத்தடி பின்னால் குடையோடு நடந்துகொண்டிருந்தேன். எருமை ஒன்று குறுக்கே வந்தபோது அதைத் தட்டி விரட்டியது நான்தான். அது கேமராவில் விழவில்லை. ஒரு கடைக் கண்ணாடியில் என் குடை மட்டும் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து அவளுடைய ரசிகர்களுக்கு நான் குடை ஆன்ட்டி.

என் வேலை அந்த லைவ்களில் பார்க்கிறவர்கள் எழுதுகிற சாட் பகுதியைக் கவனிப்பது. ஒரு பெண் லைவில் வந்தால் என்னென்ன எழுதுவார்கள் என்று உங்கள் சைபர் பிரிவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ், தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ் நாலிலுமாக முந்நூற்று நாற்பது கெட்ட வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதில் உள்ள வார்த்தை வந்தால் அந்தச் செய்தி யாருக்கும் தெரியாமல் மறைந்துவிடும். எழுதியவருக்கு மட்டும் தன் திரையில் தெரியும், போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். மறைந்தவை எல்லாம் எனக்கு மட்டும் வலது பக்கத்தில் ஒரு வரிசையாக வரும். வருஷக்கணக்கில் ஊராரின் குப்பையை நான் தனியாக உட்கார்ந்து படித்தேன். ஹம்சாவுக்கு இதயங்களும் ரோஜாப்பூக்களும் மட்டுமே போகும். ஜனங்கள் நல்லவர்கள் என்று அவள் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜெயந்தைப் பற்றி மேடம் ஏற்கெனவே விசாரித்திருக்கிறார், எனவே மறைக்கவில்லை. ஜெயந்த் எங்கள் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருந்தார். நாற்பத்தைந்து வயது, மனைவி காலமாகி ஆறு வருஷம். பஸ்ஸில் எனக்காகப் பக்கத்து சீட்டில் தன் பையை வைத்திருப்பார். ஒரு நாள், வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் பேசலாமா என்று கேட்டார். ஹம்சாவிடம் சொன்னேன். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். அதையும் எழுதிவிடுவதுதான் நியாயம்.

அடுத்த வாரம் 'அக்காவின் ஒரு நாள்' என்று ஒரு லைவ் செய்தாள். என் ஒரு நாளைப் பார்க்கிறவர்கள் முடிவு செய்வார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். மாம்பழ மஞ்சள் புடவை கட்டச் சொன்னார்கள், கட்டினேன். உப்புமா வேண்டாம் பெசரட்டு என்றார்கள், வார்த்தேன். கடைசியில், எனக்குச் சொல்லாமல், திரையில் ஒரு வாக்கெடுப்புப் போட்டாள். அக்காவுக்கு ஒரு வரன் வந்திருக்கு, சரி சொல்லட்டுமா. பெயரைச் சொல்லவில்லை. பெயர் எதற்கு, அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

நூற்றுக்கு எழுபத்தொன்பது பேர் 'நக்கோ', அதாவது வேண்டாம், என்று போட்டார்கள். மாப்பிள்ளை பாவம் என்று ஒருவர். குடையைக் கட்டிக்கொள்ளட்டும் என்று ஒருவர். இந்த வயசில் எதற்கு என்று, அதுவும் ஒரு பெண். எதிலும் கெட்ட வார்த்தை இல்லை, எனவே எதையும் என்னால் நீக்க முடியவில்லை. மஞ்சள் புடவையோடு கேமரா முன்னால் நின்று எல்லாவற்றையும் படித்தேன். ஹம்சா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "ஜனங்க சொல்லிட்டாங்கக்கா, நான் என்ன பண்றது?" என்றாள்.

லைவ் முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். "சும்மா ஜாலிக்குதானே. எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? அவருக்கு ஒரு ஜோக்கு புரியாதா?"

அவருக்குப் புரியவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் அந்தப் பை அவர் மடியில் இருந்தது. இரண்டு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பொருத்தமான வார்த்தை தெரியவில்லை. ஆனால் இதற்குப் பழிவாங்கத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நடுவில் இரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. அந்த இரண்டு வருஷமும் அவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போட்டிருக்கிறேன், ஜுரம் வந்தால் பக்கத்தில் படுத்திருக்கிறேன், ஒரு லைவ் விடாமல் சாட்டைக் கவனித்திருக்கிறேன். கோபக்காரி அப்படியெல்லாம் செய்வாளா.

எனக்கு இருந்தது ஒரு சந்தேகம் மட்டும்தான். எங்கள் பிரிவில் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பீஸை எடுத்து, உடையும்வரை பாரம் ஏற்றிப் பார்ப்போம். உடைந்த பீஸ் குப்பைக்குப் போகும், ஆனால் மற்றவை எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும். ஹம்சா எந்த ஜனங்களை அத்தனை நம்பினாளோ, அவர்கள் இல்லாமல் அவள் எவ்வளவு தாங்குவாள் என்று யாரும் பார்த்ததில்லை.

இந்த வருஷம் ஜனவரியில் 'கை' என்று ஒரு லைவ் அறிவித்தாள். விதி எளிமையானது. பிள்ளையார் சிலை செய்கிற தூல்பேட்டையிலிருந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மூட்டை வாங்கிவந்தாள். போவன்பள்ளி மார்க்கெட்டுக்குத் தக்காளி வருகிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் பாலிதீனை விரித்து, பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, அதற்குள் இரண்டு கைகளையும் விரல்களை விரித்தபடி மணிக்கட்டுக்கு மேல்வரை அமிழ்த்திக்கொள்வாள். கண்ணைக் கட்டியிருக்கும். பத்து நிமிஷம் போல் ஆனால் அது இறுகிவிடும். அதற்குள், பார்க்கிறவர்களில் நூறு வெவ்வேறு பேர் போதும் என்றோ கையை எடு என்றோ எந்த மொழியிலாவது எழுத வேண்டும். பெங்களூரில் இருக்கிற கிருஷ்ணா என்ற நண்பன் ஒரு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். அது திரையில் வருகிற செய்திகளை எண்ணிக்கொண்டே வந்து, நூறு ஆனதும் மணி அடிக்கும். மணி அடித்தால் கையை எடுத்துவிடுவாள். கை இருந்த பள்ளம் மட்டும் நிற்கும். எவ்வளவு சீக்கிரம் எடுக்கச் சொல்கிறார்களோ அவ்வளவு மங்கலான பள்ளம். நூறு பேருடைய அக்கறைக்கு இதுதான் வடிவம் என்று அறிவிப்பில் எழுதியிருந்தாள்.

வெறும் பெட்டியை வைத்து ஒரு ஒத்திகை பார்த்தாள். நாற்பது வினாடியில் மணி அடித்துவிட்டது. "பாத்தியா? ஒரு நிமிஷம்கூட என்னை விடமாட்டாங்க," என்றாள்.

சூடு பற்றியும் யோசித்திருந்தாள். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். ஒரு டம்ளரில் கரைத்து விரலை விட்டுப் பார்த்திருக்கிறாள், டீ டம்ளரைப் பிடிக்கிற சூடுதான். ஆனால் டம்ளரும் தக்காளிப் பெட்டியும் ஒன்றில்லை. எங்கள் தொழிற்சாலையில் பெட்டிக்குள் ரெசினை ஊற்றி இறுக வைக்கிற வேலை உண்டு. அளவு பெரிதானால் உள்ளே பிறக்கிற சூட்டுக்கு வெளியே போக வழி இருக்காது, ஏறிக்கொண்டே போகும். அதை அளப்பதுதான் என் வேலையில் பாதி. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், ரசத்துக்குப் புளியை ஊறப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கெட்ட வார்த்தைப் பட்டியலைத் திறந்தேன். போதும் என்ற வார்த்தையை அதில் சேர்த்தேன். பிறகு எடு, நிறுத்து, வேண்டாம். தெலுங்கில் ஆப்பண்டி, சாலு, தீஸெய். ஹிந்தியில் பஸ், ருக்கோ, நிகாலோ. நம்ம ஊரின் நக்கோ. இங்கிலீஷில் ஸ்டாப், இனஃப். அவசரத்தில் தப்பும் தவறுமாக எழுதுவார்களே என்று அவற்றின் தப்பான வடிவங்களையும் யோசித்து யோசித்துச் சேர்த்தேன். மொத்தம் நூற்றுப் பதினாறு. கடைசியாக, சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, ஐயோ, அம்மா இரண்டையும் சேர்த்தேன். பிறகு ரசம் வைத்தேன். ஹம்சா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு லைவ் ஆரம்பித்தது. அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பிளாஸ்டரைக் கரைத்தது நான். ஜனவரிக் குளிரில் தண்ணீர் ஜில்லென்று இருந்தால் அவளுக்கு விறைக்குமே என்று வெந்நீர் சேர்த்தேன். வெந்நீரில் சீக்கிரம் இறுகும் என்பது தெரிந்ததுதான். அவள் கண்ணைக் கட்டிவிட்டேன். "ரெடியா?" என்றேன். "ஹவ்," ஆமாம் என்று சிரித்துக்கொண்டே கைகளை உள்ளே விட்டாள்.

ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நிமிஷத்திலேயே வலது பக்கத்து வரிசை ஓடத் தொடங்கியது. போதும், சாலு, எடுத்துடு ஹம்சா, பஸ் கரோ. அறுநூறு, எழுநூறு. அந்த வேகத்தில் என்னால் படிக்கக்கூட முடியவில்லை. இடது பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற சாட்டில், இதயங்களும் கைதட்டல்களும் வந்தன. ஒவ்வொருவருக்கும் தான் எழுதியது மட்டும்தான் தெரிந்திருக்கும். மற்ற எல்லோரும் இதயம் அனுப்பிக்கொண்டிருக்க, தான் ஒருவர்தான் கத்துவதாக ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். அது கொஞ்சம் சங்கடமான விஷயம்தான்.

நாலு நிமிஷம் ஆனது. மணி அடிக்கவில்லை.

"க்கா, எத்தனை பேர் ஆச்சு?"

"ஏழு."

அது பொய் இல்லை. நான் யோசிக்காத ஏதோ எழுத்தில் எழுதி ஏழு பேர் தப்பி வந்திருந்தார்கள். எண்ணிக்கைப் பெட்டியில் ஏழு என்றுதான் இருந்தது.

"ஏழா? நெட் போயிடுச்சா?"

"இல்லை, நல்லா இருக்கு. அஞ்சாயிரத்துச் சொச்சம் பேர் பாத்துட்டிருக்காங்க."

அவள் சிரிக்க முயற்சி செய்தாள். தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டாள். ஏழாவது நிமிஷத்தில் மறுபடி கேட்டாள்.

"இப்போ?"

"பதினொண்ணு."

"மத்தவங்க என்ன எழுதறாங்க?"

"ஹார்ட் போடறாங்க."

அதுவும் உண்மை. கண்கட்டுக்குக் கீழே கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. வலியால் என்று நினைக்கவில்லை, அப்போது சூடு இன்னும் பெரிதாக ஏறியிருக்காது.

"சூடாகுதுக்கா. எடுத்துடட்டுமா?"

அப்போது எடுத்திருந்தால் கை வந்திருக்கும். எவ்வளவு நேரம் மிச்சம் இருந்தது என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். கிட்டத்தட்ட ஒரு நிமிஷம்.

"ஜனங்க இன்னும் சொல்லலையே," என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிடிவாதக்காரி. தான் போட்ட விதியைத் தானே மீறமாட்டாள் என்பது அவளை வளர்த்த எனக்குத் தெரியாதா. ஒன்பதாவது நிமிஷத்தில்தான் இழுத்துப் பார்த்தாள். பெட்டி அவள் கைகளோடு ஒரு அங்குலம் எழும்பித் திரும்ப விழுந்தது. பிறகு நடந்தது ரெக்கார்டிங்கில் இருக்கிறது. சத்தத்தோடு இருக்கிறது. அதை நான் எழுத வேண்டியதில்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். பட்டியலில் இல்லாத வார்த்தைகள் இடது பக்கத்தில் வர ஆரம்பித்தன. போலீஸ், ஆம்புலன்ஸ், யாராவது போங்கள், அட்ரஸ் யாருக்காவது தெரியுமா. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் நீக்கினேன். கிருஷ்ணாவின் போன் மூன்று தடவை வந்தது, சைலன்டில் வைத்திருந்தேன். ஹம்சா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "இரு, இரு, பாக்கறேன்," என்று சொன்னேன். அக்கா ஏதோ செய்துகொண்டிருக்கிறாள் என்று அவள் நினைத்திருப்பாள்.

முந்தைய பக்கம் ஒன்றில், சூட்டைப் பற்றி அவள் என்னைக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அதைத் திருத்துகிறேன். அடித்து எழுதினால் அசிங்கமாக இருக்கும், ஆகவே இங்கே சொல்லிவிடுகிறேன். அன்று காலை மூட்டையைப் பிரிக்கும்போது கேட்டாள். "க்கா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. பெரிய பெட்டியில போட்டா ரொம்ப சூடாயிடாதில்ல?" நான், "டம்ளர்ல பாத்துட்டியே, அப்புறம் என்ன?" என்றேன். அந்தப் பதிலில் அவளுக்கு நிம்மதி.

முப்பத்திரண்டாவது நிமிஷம் கதவு இடிபட்டது. லூர்துமேரி என்று ஒரு அம்மாள், ரிட்டயரான நர்ஸ், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பஜாருக்கு நடந்த லைவில் எங்கள் கேட்டைப் பார்த்திருந்ததால் வீடு எது என்று அவருக்குத் தெரியும். கையை எடு கண்ணு, கையை எடு கண்ணு என்று நாற்பத்தோரு தடவை எழுதியிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்றதும் முட்டிவலியோடு கிளம்பி, ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். நான் உள்ளே தாழ் போட்டிருந்தேன் என்று சொல்லியிருப்பார். உண்மைதான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை போடமாட்டேன்.

ஆட்டோக்காரர் எங்கள் வீட்டுக் குழவிக்கல்லை எடுத்துப் பெட்டியை உடைத்தார். அந்த அம்மாள் ஹம்சாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கையைப் பார்த்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ இங்கதான் இருந்தியா? இவ்ளோ நேரமும்?"

ஆமாம் என்றேன்.

ஹம்சாவுக்கு வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும் இருக்கிறது. இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும். மூன்று மாதம் ஆகிறது. நான் நீண்ட விடுப்பில் இருந்து பார்த்துக்கொண்டேன். பருப்புசாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டுவேன், குளிப்பாட்டிவிடுவேன், கொசு கடித்தால் சொறிந்துவிடுவேன். அவள் செல்போனைக் கேட்பதில்லை. யார் வந்தாலும் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கிருஷ்ணா இரண்டு தடவை பெங்களூரிலிருந்து வந்து வாசலோடு திரும்பிப் போனான். லூர்துமேரி அம்மாளையும் நான் உள்ளே விடவில்லை. அவரோ விடாப்பிடியாகத் தன் போனில் இருந்ததைப் படம் பிடித்து உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தளத்திலிருந்து மறைந்த செய்திகளின் பட்டியலும் உங்களுக்கு வந்துவிட்டது. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நூறு பேர் சேர்ந்தாலே போதும் என்று வைத்த இடத்தில்.

மேடம் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார். "எந்துக்கம்மா?", ஏனம்மா என்று. பதில் இதுதான். ஜனங்கள் எதையும் செய்யவில்லை. அவர்கள் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், அதை அன்று முழுவதும் படித்தவள் நான் ஒருத்திதான். கிருஷ்ணாவின் ப்ரோகிராமிலும் பிழை இல்லை. ஹம்சாவின் கைகளைத் தெரிந்தே, யோசித்து, நான்தான் வேகவைத்தேன். உலகத்தில் ஒருத்தரும் தனக்காக வாய் திறக்கமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு கேமரா முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளும் ஒரு தடவை பார்க்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு எழுபத்தொன்பது சதவீதம் கிடைத்தது. அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன்.

இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், நான் வக்கீல்கூட வைக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாளை அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஹம்சாவிடம் போகப்போவதாக மேடம் சொன்னார். தயவுசெய்து வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று அவள் தன் கைகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "நிஜமாவே பதினோரு பேர்தானாக்கா? ஆறாயிரம் பேர்ல?" என்றாள். ஆமாம் என்றேன். "யாரு அந்தப் பதினோரு பேர்?" என்றாள். பெயரெல்லாம் ஞாபகமில்லை, அதில் ஒன்று மட்டும் நான், என் போனிலிருந்து நானும் போட்டேன் என்று சொன்னேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அப்பா அம்மா போன வருஷத்துக்குப் பிறகு அவள் என்மேல் சாய்ந்து அழுதது அன்றுதான். அன்றிலிருந்து நான் பக்கத்தில் இல்லையென்றால் தூங்கமாட்டேன் என்கிறாள். நேற்று என்னை இங்கே கூட்டிவந்தபோது வாசல்வரை வந்து, அக்கா எப்போ வருவா என்று உங்கள் கான்ஸ்டபிளிடம் கேட்டாளே, அவரிடமே விசாரித்துப் பாருங்கள்.

அவள் மிகவும் பலவீனமாக இருக்கிறாள். அந்தப் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டுவது மகா கொடுமை. கொஞ்சம் இரக்கத்தோடு யோசியுங்கள் மேடம், என்னை விட்டால் அந்தப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.